சாவி யார் யாரிடம் இருக்கிறது?

கேள்வி: போன மாதம் எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு கார் ராத்திரியோடு ராத்திரியாகக் காணாமல் போய்விட்டது. கண்ணாடி உடையவில்லை, அலாரம் அடிக்கவில்லை, தெரு நாய்கூடக் குரைக்கவில்லை என்கிறார்கள். அதிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. எங்களுடையது புஷ் ஸ்டார்ட் கார். சென்ற வருடம் செகண்ட் ஹேண்டில் வாங்கினோம். வண்டிக்கு மூன்றரை வயது. ஒரு சாவிதான் கொடுத்தார்கள், இன்னொன்று தொலைந்துவிட்டதாம். அபார்ட்மென்ட்டில் இடம் குறைவு, ஒரு காரை மறித்து இன்னொரு கார் நிற்கும். அதனால் எல்லார் சாவியும் வாட்ச்மேன் அறையில் ஆணியில் தொங்கும். கியர் லாக் போடலாமா, ஜி.பி.எஸ். வைக்கலாமா என்று யோசித்தால் என் தம்பி, “பம்பர் டு பம்பர் இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கியேக்கா, வண்டி போனா முழுப் பணமும் வந்துடும், எதுக்குத் தண்டச் செலவு” என்கிறான். எது சரி?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: கியர் லாக் கடைக்குப் போகும் முன் உங்கள் கார் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போய்விட்டு வாருங்கள். காப்பீட்டு நிறுவனங்களுக்காகத் திருட்டுக் கோப்புகளை விசாரிப்பது என் தொழில். பக்கத்துத் தெருத் திருட்டைவிட, “இன்னொன்று தொலைந்துவிட்டதாம்” என்று நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் வரிதான் எனக்குத் திக்கென்றது. அந்தச் சாவி எங்கே தொலைந்தது, யார் கையில் இருக்கிறது என்று விற்றவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. காருக்கு மட்டும் அந்தச் சாவியை இன்னும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

உங்கள் காரின் கம்ப்யூட்டரில் எந்தெந்தச் சாவிக்கு இன்ஜின் கட்டுப்பட வேண்டும் என்று பதிவாகியிருக்கும். சர்வீஸ் சென்டரில் அந்தப் பட்டியலை மொத்தமாக அழித்துவிட்டு, உங்கள் கையில் உள்ளதை மட்டும் மறுபடி பதிந்து தருவார்கள். அப்படியே இரண்டாவது சாவி ஒன்றும் ஆர்டர் கொடுத்துவிடுங்கள். ஆர்.சி., அடையாள அட்டை இரண்டையும் கேட்பார்கள். செலவு சில ஆயிரங்கள் ஆகும். பில்லைப் பத்திரமாக வையுங்கள். நாளை கார் திருட்டுப் போனால் இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்பது, “இரண்டு ஒரிஜினல் சாவியையும் கொடுங்கள்” என்பதைத்தான். ஒன்றுதான் இருக்கிறது என்றால் விசாரணை அங்கேயே சூடு பிடிக்கும். ஒரு சாவியோடுதான் வண்டியைக் கொடுத்தேன் என்று விற்றவரிடம் ஒரு வரி எழுதி வாங்க முடிந்தால் இன்னும் நல்லது.

செகண்ட் ஹேண்ட் என்பதால் இன்னும் இரண்டு சோதனைகள். ஆர்.சி.யை உங்கள் பெயருக்கு மாற்றியிருப்பீர்கள், பாலிசியை மாற்றினீர்களா? வாங்கிய 14 நாளுக்குள் பாலிசியையும் மாற்றித் தரச் சொல்லி எழுத வேண்டும். மாற்றாவிட்டாலும் தேர்ட் பார்ட்டி பகுதி சட்டப்படி உங்களோடு வந்துவிடும். திருட்டுக்குப் பணம் தரும் ‘ஓன் டேமேஜ்’ பகுதி அப்படித் தானாக வராது. பழைய சொந்தக்காரர் பெயரிலேயே கிடந்த பாலிசியால் கிளெய்ம் செத்துப்போன கோப்புகள் என் மேஜையில் நிறைய வந்துபோயிருக்கின்றன. அடுத்தது, பானெட்டைத் திறந்து பாடியில் அடித்திருக்கும் சேஸிஸ் நம்பரை ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். விபத்தில் அப்பளமாகிக் கழிக்கப்பட்ட காரை அதன் ஆர்.சி.க்காகவே ஏலத்தில் எடுத்து, அதே மாடல் திருட்டுக் கார் ஒன்றுக்கு அந்த நம்பரைப் பொறித்து விற்கும் கூட்டம் உண்டு. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் ‘வாகன் சமன்வய்’ சேவையில் பதிவு எண், சேஸிஸ் எண், இன்ஜின் எண் கொடுத்தால் அந்த வண்டி மேல் திருட்டுப் புகார் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். வாங்குவதற்கு முன் பார்த்திருக்க வேண்டியது, இப்போதாவது பாருங்கள்.

சரி, கண்ணாடி உடையாமல் கார் எப்படிப் போனது?

முன்பெல்லாம் இரும்புப் பட்டியைக் கண்ணாடி ஓரமாக விட்டுக் கதவைத் திறந்து, ஸ்டீயரிங்குக்கு அடியில் ஒயரைப் பிடுங்கி ஒன்றோடொன்று உரசி ஓட்டிக்கொண்டு போனார்கள். சாவிக்குள் சிப் வைத்த இம்மொபிலைசர் வந்ததும் அந்த வித்தை படுத்துவிட்டது. சாவியில் உள்ள குறியீட்டைக் காரின் கம்ப்யூட்டர் ஒத்துக்கொண்டால்தான் இன்ஜின் ஓடும். பிரிட்டனில் 1998 முதல் புதுக் கார்கள் எல்லாவற்றுக்கும் இது கட்டாயம். அமெரிக்காவில் அப்படி ஒரு சட்டம் இல்லை. அங்கே விற்ற பல ஹூண்டாய், கியா மாடல்களில் இதை வைக்காமலே விட்டிருந்தார்கள். 2021-இல் மில்வாக்கி நகரத்துப் பையன்கள் ஸ்டீயரிங் அடி மூடியைக் கழற்றிவிட்டு, போன் சார்ஜ் போடும் யு.எஸ்.பி. ஒயரின் முனையைச் செருகித் திருகியே வண்டியைக் கிளப்பினார்கள். அடுத்த வருடம் அந்த வீடியோ நாடு முழுக்கப் பரவியது. 2023-இல் கம்பெனிகள் இலவசமாக சாஃப்ட்வேர் மாற்றித் தரவும், ஸ்டீயரிங்குக்குப் பூட்டு வாங்கிக் கொடுக்கவும் வேண்டிவந்தது. இத்தனைக்கும் காரணம் ஒரு சிறு சிப் இல்லாததுதான்.

உங்கள் காரில் அது நிச்சயம் இருக்கிறது. ஆகவே திருடன் காரோடு மல்லுக்கட்ட மாட்டான், சாவியைத் தேடுவான். அதற்கு அவனுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன.

ஒன்று, சாவியின் சிக்னலை இரவல் வாங்குவது. சாவியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு கைப்பிடியைத் தொட்டாலே கதவு திறக்கிறதல்லவா? கார் மெல்லிய அலை ஒன்றை அனுப்பி, “சாவி பக்கத்தில் இருக்கிறதா?” என்று கேட்கிறது, சாவி பதில் சொல்கிறது. அந்தக் கேள்வி ஓரிரு மீட்டர்தான் எட்டும். ஒருவன் கார் பக்கத்திலும் இன்னொருவன் உங்கள் வாசல் கதவை ஒட்டியும் சிக்னலைக் கடத்தும் பெட்டி ஆளுக்கொன்றோடு நின்றால், காரின் கேள்வி வீட்டுக்குள் ஷூ ஸ்டாண்டு மேல் கிடக்கும் சாவி வரை போய்விடும். சாவி பக்கத்தில் இருப்பதாக நம்பிக் கார் கிளம்பும். கண்ணாடி உடைய வேண்டியதில்லை, அலாரமும் அடிக்காது. தடுப்பது சுலபம்: சாவியை வாசலை ஒட்டி வைக்காதீர்கள். இறுக்கமாக மூடும் எவர்சில்வர் சம்படத்தில் போட்டு வையுங்கள். போட்ட பின், சம்படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கார் பக்கத்தில் நின்று கதவைத் திறந்து பாருங்கள். திறந்தால் அந்தச் சம்படம் உதவாது, வேறு பாருங்கள். சிக்னலை மறைக்கும் பை என்று விற்பதையும் இதே மாதிரி சோதித்த பிறகே நம்புங்கள். சில மாடல்களில் சாவியைத் தற்காலிகமாகத் தூங்க வைக்கும் வசதி உண்டு. கார் கையேட்டில் இருக்கும், யாரும் படிப்பதில்லை.

இரண்டு, புதுச் சாவி தயாரிப்பது. ஸ்டீயரிங்குக்குக் கீழே ஓ.பி.டி. போர்ட் என்று ஒன்று இருக்கும். மெக்கானிக் கம்ப்யூட்டரை மாட்டிக் கோளாறு பார்க்கும் இடம். ஒரு சின்னக் கண்ணாடியை உடைத்து உள்ளே நுழைந்து, அங்கே ஒரு கருவியைச் செருகி, வெற்றுச் சாவி ஒன்றைச் சில நிமிடங்களில் உங்கள் காருக்குப் பழக்கிவிடுகிறார்கள். டெல்லிப் பக்கம் பிடிபட்ட கும்பல்கள் பலவற்றிடம் போலீஸ் இந்தக் கருவியைக் கைப்பற்றியிருக்கிறது. இதற்குச் சம்படம் உதவாது. இங்கேதான் கியர் லாக் உதவுகிறது, கீழே சொல்கிறேன்.

மூன்றாவது வழிக்குத் தொழில்நுட்பமே வேண்டாம். அது உங்கள் வாட்ச்மேன் அறை ஆணி. வாட்ச்மேனை நான் சந்தேகிக்கவில்லை. அவர் தண்ணீர் மோட்டார் போடப் போகும் ஐந்து நிமிடத்தில் அந்த அறைக்கு யார் காவல்? ஆணி மட்டுமா? வாட்டர் வாஷில் வண்டியைச் சாவியோடு விட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறோம். முகூர்த்த நாளில் மண்டப வாசலில் யாரோ சீருடை போட்டவர் கை நீட்டினால் சாவியைக் கொடுத்துவிட்டு உள்ளே ஓடுகிறோம். ஆக்டிங் டிரைவரிடம் ராமேஸ்வரம் போய்வர வண்டியைக் கொடுக்கிறோம். அவர் பெயரும் போன் நம்பரும் தவிர ஒன்றும் தெரியாது. அவரது ஓட்டுநர் உரிமத்தைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ள நமக்குக் கூச்சம்.

அபார்ட்மென்ட் ஆணிக்கு மாற்று இருக்கிறது. மறித்து நிற்கும் காரின் சொந்தக்காரர் நம்பரை எல்லாருக்கும் கொடுத்து, தேவைப்பட்டால் அவரே இறங்கி வந்து எடுப்பது. சோம்பல்பட்டு முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும். முடியவே முடியாது என்றால் எண் போட்டுத் திறக்கும் இரும்புப் பெட்டி ஒன்றை அசோசியேஷன் செலவில் சுவரில் பதித்துவிடுங்கள்.

சாவியை வாங்கிக்கொள்பவருக்குப் பொறுப்பு இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, அது உறுதியாவதற்குத்தான் 21 வருடம் ஆனது. 1998 ஆகஸ்டில் டெல்லி தாஜ் மஹால் ஹோட்டலுக்கு ராத்திரி வந்த ஒருவர் தன் மாருதி ஜென்னை வாலே பார்க்கிங்கில் விட்டார். வேறொரு காரில் வந்த மூன்று இளைஞர்கள், தங்கள் வண்டியை எடுத்து வரச் சொல்லிவிட்டு, அந்தச் சந்தடியில் ஜென்னின் சாவியைக் கிளப்பி வண்டியையும் ஓட்டிக்கொண்டு போனார்கள். காவலாளி தடுத்துப் பார்த்தும் நிற்கவில்லை. ‘சொந்தக்காரர் பொறுப்பில்’ என்று டோக்கனில் அச்சடித்திருக்கிறோமே என்றது ஹோட்டல். 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை: சாவியை வாங்கி வண்டியைத் தன் காவலில் எடுத்துக்கொண்ட பிறகு, கவனமாக இருந்தோம் என்று காட்ட வேண்டியது ஹோட்டல்தான், அச்சடித்த வாசகம் அலட்சியத்துக்குக் கேடயம் ஆகாது என்றது. ஆகவே டோக்கன் வாங்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள். அந்த டோக்கன்தான் உங்கள் சாட்சி.

இப்போது உங்கள் அசல் கேள்வி. கியர் லாக்கா, ஜி.பி.எஸ்ஸா என்றால் முதலில் கியர் லாக். ஆட்டோமேட்டிக் வண்டிக்கும் கிடைக்கிறது. சிக்னலை இரவல் வாங்கியவனும் புதுச் சாவி செய்தவனும் இன்ஜினை ஓட வைக்கலாம், கியர் நகராதே. அதை உடைக்கச் சத்தமும் நேரமும் வேண்டும், இரண்டையும் திருடன் விரும்புவதில்லை. காரின் ஒயரைத் தொடாமல் பொருத்துவதால் வாரண்டி வம்பும் இல்லை. ஸ்டீயரிங்கில் குறுக்கே மாட்டும் கம்பிப் பூட்டு இன்னும் மலிவு. வெளியிலிருந்தே கண்ணில் படும், அதுவே அதன் பலம். எதை வாங்கினாலும் தினமும் பூட்டுங்கள். கியர் லாக் இருந்தும் பூட்டாமல் விட்டதாக எழுதித் தந்த சொந்தக்காரர்களின் வாக்குமூலங்களை வாசித்து எனக்கு அலுத்துவிட்டது.

ஜி.பி.எஸ். காரைக் காப்பாற்றாது, போன பிறகு எங்கே போகிறது என்று சொல்லும். ஓ.பி.டி. போர்ட்டில் செருகும் வகை வேண்டாம்; திருடன் கை முதலில் போகும் இடமே அதுதான். மறைவாகப் பொருத்தி, தனி பேட்டரியும் உள்ளதாக வாங்குங்கள். அதற்குள் இருக்கும் சிம் கார்டுக்கு வருடச் சந்தா உண்டு. வாங்கும்போது கட்டியதோடு மறந்துவிட்டு, கார் போன அன்று ஆப்பைத் திறந்தால் ‘சேவை காலாவதி’ என்று வருவது வழக்கமான சோகம். வண்டி இருக்கும் இடம் தெரிந்துவிட்டால் தம்பியைக் கூட்டிக்கொண்டு நீங்களே போய் நிற்காதீர்கள்; போலீஸுக்கு அனுப்புங்கள். வாகன ஆராய்ச்சி அமைப்பான ஏ.ஆர்.ஏ.ஐ.யின் சான்று பெற்ற திருட்டுத் தடுப்புக் கருவி பொருத்தினால் பிரீமியத்தில் தள்ளுபடி உண்டு என்று கடைக்காரர் பெரிதாகப் பேசுவார். ஓன் டேமேஜ் பகுதியில் 2.5 சதவீதம், அதிகபட்சம் 500 ரூபாய், அவ்வளவுதான்.

தம்பிக்கு வருகிறேன். பம்பர் டு பம்பர் என்பது ரிப்பேருக்கானது. பம்பர் உடைந்தால் புது பம்பரின் விலையில் தேய்மானம் கழிக்காமல் தருவார்கள். கார் முழுதாகத் திருட்டுப் போனால் அதற்கு வேலையே இல்லை. கிடைப்பது பாலிசியில் ஐ.டி.வி. என்று எழுதியிருக்கும் காப்பீட்டு மதிப்புத் தொகை. அதைக் கார் கம்பெனியின் விலைப்பட்டியலிலிருந்து வயதுக்கு ஏற்பக் கழித்துப் போடுகிறார்கள்: 2 முதல் 3 வருடம் என்றால் 30 சதவீதம், 3 முதல் 4 என்றால் 40, 4 முதல் 5 என்றால் 50. பட்டியல் விலை 10 லட்சம் என்றால் உங்கள் வண்டிக்கு ஏறக்குறைய 6 லட்சம். பிரீமியத்தைக் குறைத்துக் காட்ட ஏஜென்ட் ஐ.டி.வி.யை இன்னும் இறக்கியிருக்கவும் கூடும், பாலிசியை எடுத்துப் பாருங்கள். கார் லோன் இருந்தால் பணம் முதலில் வங்கிக்குப் போகும், மிச்சம்தான் உங்களுக்கு. கிளெய்ம் முடியும் வரை மாதத் தவணையும் நிற்காது. சீட்டில் வைத்த லேப்டாப், நகைப் பை எதுவும் கணக்கில் வராது. விலைச்சீட்டுத் தொகை முழுவதையும் தரும் ‘ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்’ இணைப்பு ஒன்று உண்டு. பெரும்பாலும் புது வண்டிக்கே கொடுப்பார்கள்.

அந்தப் பணமும் தானாக வராது. கார் காணோம் என்றால் முதலில் டிராஃபிக் போலீஸ் இழுத்துப் போனார்களா, லோன் பாக்கிக்கு வங்கி ஆட்கள் எடுத்தார்களா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் உடனே 112-க்குப் போன், பிறகு ஸ்டேஷன். அங்கே சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கொடுத்து, “தேடிப் பாக்கிறோம், ரெண்டு நாள் கழிச்சு வாங்கம்மா” என்று அனுப்பப் பார்ப்பார்கள். அது புகார் வாங்கியதற்கான சீட்டு மட்டுமே, அதை வைத்துக் கிளெய்ம் நகராது. எஃப்.ஐ.ஆர். வேண்டும் என்று கேளுங்கள். திருட்டு போன்ற குற்றத்துக்கு எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2013-இலேயே சொல்லிவிட்டது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவுப்படி மின்னணு முறையிலும் புகார் அனுப்பலாம். 3 நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும். ஸ்டேஷனில் மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்கு எழுத்து மூலம் அனுப்பலாம். மதுரை மாநகர எல்லைக்குள் என்றால் கமிஷனருக்கு.

அன்றே இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் மெயில் போட்டுவிடுங்கள். போலீஸில் உடனே புகார் கொடுத்திருந்தால், கம்பெனிக்குச் சொல்லத் தாமதமானது என்ற ஒரே காரணத்துக்காகக் கிளெய்மைத் தள்ளக் கூடாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனாலும் அந்தத் தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு நுகர்வோர் மன்றத்துக்கு அலைவதைவிட ஒரு மெயில் சுலபம். தேடியும் கிடைக்கவில்லை என்று போலீஸ் சான்று தரும் வரை பணம் வராது, மாதக்கணக்கில் ஆகும்.

விசாரணைக்கு வருகிறவரிடம் சாவியைப் பற்றிப் பொய் மட்டும் சொல்லாதீர்கள். சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு இறங்கியிருந்தால் அப்படியே சொல்லுங்கள். டிரைவர் சாவியோடு விட்டுப்போன ஒரு லாரி வழக்கில்கூட, முழுத் தொகையையும் மறுக்க முடியாது, 75 சதவீதம் கொடு என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அலட்சியத்துக்கு 25 சதவீதம் போகலாம். பொய்க்கு மொத்தமும் போகும்.

கேள்வி: ஐயா, என் காரை மாதம் 25,000 ரூபாய் வாடகை என்று பேசி ஒருவருக்குக் கொடுத்தேன். இரண்டு மாதம் ஒழுங்காகப் பணம் வந்தது. இப்போது போன் சுவிட்ச் ஆஃப். திருட்டு என்று புகார் கொடுத்து இன்ஷூரன்ஸ் வாங்கலாமா?
- ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: வேண்டாம். நீங்களே சாவியைக் கொடுத்திருக்கிறீர்கள். இது திருட்டு ஆகாது, நம்பிக்கை மோசடி. புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 316, 318 பிரிவுகளில் வரும். திருட்டு என்று எழுதிக் கொடுத்தால், வாடகை வந்த இரண்டு மாத வங்கிக் கணக்கே உங்களுக்கு எதிரான சாட்சியாகும். வெள்ளை போர்டு காரை வாடகைக்கு விட்டதே பாலிசி நிபந்தனையை மீறியது. டாக்சியாக ஓட்டிய தனியார் காரைப் பயணிகளே பறித்துப் போன ஒரு வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் 75 சதவீதம் கொடுக்கச் சொன்னது உண்மைதான். அது பறிப்பு. உங்களுடையது கை மாற்றிக் கொடுத்தது.

இந்த மாதிரி எடுக்கப்படும் கார்கள் பெரும்பாலும் வெளியூரில் யாரிடமாவது அடமானத்தில் இருக்கும். அடமானம் பிடித்தவரும், “நான் பணம் கொடுத்திருக்கேன்” என்று சண்டைக்கு நிற்பார். ஒப்பந்தம் எழுதியிருந்தால் அதையும், வாட்ஸப் பேச்சு, பணம் வந்த விவரம், அவருடைய ஆதார் நகல் ஆகியவற்றையும் சேர்த்து மோசடிப் புகாராகக் கொடுங்கள். ஃபாஸ்டேக்கை அவசரப்பட்டு முடக்க வேண்டாம். சுங்கச்சாவடியில் பணம் பிடித்த குறுஞ்செய்தி இன்னும் வருகிறதென்றால் எந்த ஊர், எத்தனை மணி என்பதோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போலீஸிடம் கொடுங்கள். வண்டி பிடிபட்டால் நீதிமன்றத்தில் மனு போட்டு, வழக்கு முடியும் முன்பே இடைக்காலமாக உங்கள் பொறுப்பில் வாங்கிக்கொள்ளலாம்.

புகாரை இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். அந்தக் கார் எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறது, ஆர்.சி.யில் உங்கள் பெயர் இருக்கிறது. நாளை அது யாரையாவது இடித்தால் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். அன்றைக்கு வக்கீல் முதலில் கேட்பது புகார் கொடுத்த தேதியை.